சோறுக்கு ஒரு வேலை

பெங்களூரில் அவன் பெயர் ஷேரு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையிலிருக்கும் எங்கள் வீட்டில் கால் வைத்த அன்றைக்கே என் மாமியார் வாயில் அது சோறு ஆனது. "என்ன பேரு, சோறா?" என்று கேட்டார். திருத்தினேன். "அதான், சோறு" என்றார். ஒரு வாரத்தில் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. அவனும் திரும்பிப் பார்த்தான். சோழநாடு சோறுடைத்து என்பதற்கு எங்கள் வீட்டில் நாலு காலில் ஒரு சாட்சி இருக்கிறது. (தலைப்பில் 'சோற்றுக்கு' என்றுதான் வர வேண்டும், தெரியும். சோறு இங்கே ஆள்பெயர், விட்டுவிடுங்கள்.)

சித்தி மகன் கனடாவுக்குக் கிளம்பும்போது எங்களிடம் விட்டுப்போன நாய். பார்டர் கோலி. கறுப்பும் வெள்ளையும், இரண்டு வயது, பதினெட்டு கிலோ. பத்தாவது மாடி ஃபிளாட்டில் வளர்ந்தவன். "உங்க ஊர்னா நல்லா ஓடுவான்க்கா, இடம் இருக்குல்ல" என்றான் தம்பி. இடம் இருந்தது. ஆனால் அது கார்த்திகை மாதம். எங்களுக்கு இருக்கிற பன்னிரண்டு மா (நாலு ஏக்கர்) நிலமும் சம்பா நட்டுத் தண்ணீரும் பச்சையுமாக நின்றது. ஓடுவதற்கு மிச்சமிருந்தது வரப்பு மட்டும்.

முதல் பத்து நாளில் அவன் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கோழிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கொண்டுபோய்க் குளியலறையில் அடைத்தான். கன்றுக்குட்டியைத் தொழுவத்து மூலையை விட்டு நகர விடவில்லை. சாயங்காலம் என் மகளோடு படிக்க வரும் எட்டுக் குழந்தைகளையும் திண்ணையின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, எதிரில் வயிறு தரையில் படப் பதுங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பையன் தண்ணீர் குடிக்க எழுந்தான். குதிகாலில் மெல்ல ஒரு கவ்வு. ரத்தமில்லை, ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. அப்புறம் வண்டிகள். இளநீர் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் வந்தவரை இவன் அரைவட்டம் போட்டு வளைக்கப் போக, அவர் வண்டியோடு வேலியில் சாய்ந்தார். நல்லவேளை, அடி படவில்லை. இருபத்திரண்டு இளநீருக்குக் காசு கொடுத்தோம். இரண்டு நாள் வீட்டில் எல்லோரும் இளநீர்தான் குடித்தோம், அவனும்தான்.

ஊரில் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றே: ஓட விடுங்க, களைச்சுப் படுத்துடும். இணையத்தில் தேடினாலும் அதுதான். இங்கிலாந்தில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பே இந்த இனத்துக்குத் தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. சரி, ஓட விடுவோம் என்று முடிவு செய்தேன். நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள், காலையில் நேரம் உண்டு. மார்கழியிலிருந்து ஆற்றங்கரைச் சாலையில் நான் மொபெட்டிலும் அவன் பக்கத்திலுமாக, முதலில் நாலு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் படுத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தையில் நாலு போதவில்லை, ஆறாக்கினேன். மாசியில் எட்டு. சாயங்காலம் பந்து வேறு. நாற்பது தடவை எறிந்தாலும் நாற்பத்தொன்றாவதுக்கு அதே வெறியோடு நின்றான். ஓட ஓட அவனுக்கு மூச்சு நீண்டது, தொடை இறுகியது, எனக்கு முதுகு போனது. நான் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? சும்மாவே அடங்காத ஒருவனுக்குத் தினமும் பயிற்சி கொடுத்து ஓட்டப்பந்தய வீரனாக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அவன் கண் மறுபடி விசிறியின் நிழலைத் தேடும். சுவரில் ஓடுகிற அந்த நிழலை மணிக்கணக்கில் காவல் காப்பான். பார்க்கவே பயமாக இருக்கும்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்ப எட்டரை மணி ஆகிவிட்டது. ஒருநாள்தானே என்று போனேன். ஐந்தாவது கிலோமீட்டரில் பின்னங்கால் குடித்தவனைப் போலப் பின்னியது. நாக்கு அகலமாகத் தொங்கி, கருஞ்சிவப்பாக இருந்தது. அப்போதும் அவன் நிற்கவில்லை, ஓடப் பார்த்தான். இந்த இனத்தின் ஆபத்தே இதுதான். நம் தெருநாய் வெயில் ஏறினால் தானே போய் வண்டிக்கடியில் படுத்துக்கொள்ளும். இவனுக்கு வேலை முன்னால் இருக்கிறவரை உடம்பு சொல்வது காதில் விழாது.

பக்கத்து வாழைக்கொல்லையில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் குழாய் வாயிலேயே உட்காரவைத்தேன். பத்து நிமிடம் கழித்து ஆட்டோ. வழியில் ஈரத்துண்டைப் போர்த்தினேன். கால்நடை மருத்துவர் முதல் காரியமாக அந்தத் துண்டை உருவி எறிந்தார். நனைந்த துணி மேலேயே கிடந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே சூடாகிப் போர்வை மாதிரி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கும், தண்ணீரை ஊற்றிக் காற்று பட விடுவதுதான் முறை என்றார். நாய்க்கு 101, 102 டிகிரி இயல்பு. பம்புசெட்டுக்குப் பிறகும் இவனுக்கு 106. "அங்கயே குளிர வச்சுட்டு வந்தீங்க, அதான் பொழச்சான்" என்றார். நான் அவருக்கு முன்னால் அழவில்லை, ஆட்டோவில் அழுதேன்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைப் பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மூச்சு இளைத்து இளைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது மெதுவாகும். எங்கள் பக்கத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற புரட்டாசியில், வெயில் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் புழுங்கித் தள்ளும். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை நம்பினால் அப்போது ஏமாந்துபோவோம். சித்திரை வெயிலுக்கு எல்லோரும் பயப்படுகிறோம். எனக்கு இப்போது புரட்டாசிப் புழுக்கத்தின்மேல்தான் அதிக பயம்.

பத்து நாள் ஓய்வு என்றார். எட்டாவது நாள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அப்போதுதான் கிடை வந்தது.

டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அறுவடை முடிந்து உளுந்து, பயறும் எடுத்த பிறகு, கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி ஒரு வயலில் அடைப்பு. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குக் கூலி உண்டு. எங்கள் வயலில் மூன்று ராத்திரி கிடை போட்டார்கள், இருநூறுக்கும் மேல் ஆடுகள். சோறுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் நின்றேன். அவன் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, ஒரு முன்காலைத் தூக்கி வைத்தது வைத்தபடி, ரோமம்கூட அசையவில்லை. பிறந்ததிலிருந்து அவன் ஆட்டையே பார்த்ததில்லை.

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லைப் பகுதியின் ஆட்டு நாய்கள் இவை. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாய், அதிகம் குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சம் அதனிடம் போய்ச் சேரும். 'பார்டர் கோலி' என்ற பெயரே 1915-இல் வந்ததுதான். வேட்டையில் இரையைக் கண்டுபிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டல்லவா? தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, அந்த வரிசையின் முன்பாதியைப் பெருக்கி, பின்பாதியை மழுங்கடித்துவிட்டார்கள். வேட்டை ஆரம்பித்துக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. விசிறி நிழலில் அவன் எதைத் தேடினான் என்று எனக்கு அந்த வரப்பில்தான் விளங்கியது.

நம் ஊர் நாய்களின் கதை வேறு. சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை. கீதாரியோடு நடக்கிற பட்டி நாய் ஆட்டை ஓட்டாது. கிடையைச் சுற்றிப் படுத்துக்கொண்டு நரிக்கும் திருடனுக்கும் குரைக்கும். ஓட்டுவது மனிதர் வேலை, அவர் குரலும் கையிலுள்ள கம்பும் போதும். ஆகவே கீதாரி பெரியவர் சோறுவை அதிசயமாகத்தான் பார்த்தார். கொஞ்சம் விட்டுப் பார்க்கலாமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"பாதி ஆடு செனை, ஆத்தா. இவன் வெரட்டுனா கலைஞ்சு போயிரும்" என்றார். அப்புறம் அவனையே பார்த்துக்கொண்டு, "ஓடுறதுக்கு அலையல இது. பாத்துக்கிறதுக்கு அலையுது. வீட்ல இதுக்கு என்ன வேலை குடுத்துருக்கீக?" என்றார்.

ஒரு வேலையும் கொடுக்கவில்லை. பெங்களூரிலும் யாரும் கொடுக்கவில்லை. இரண்டு வயதுவரை சம்பளத்தோடு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். கிடக்கிற வேலையைத் தானே கண்டுபிடித்துச் செய்திருக்கிறான், அதுதான் கோழியும் குழந்தைகளும் இளநீரும்.

அன்றைக்கு மொபெட் ஓட்டத்தை நிறுத்தினேன். வேலை தேடும் படலம் ஆரம்பமானது.

வீட்டுப் பின்புறம் களத்தில் ஒரு வைக்கோல்போர் உண்டு. ஆட்டு நாய்களுக்கு இங்கிலாந்துப் பக்கத்தில் சொல்லும் அடிப்படைக் கட்டளைகள் இரண்டு: மந்தையைக் கடிகாரச் சுற்றில் சுற்றி வருவதற்கு ஒன்று, எதிர்ச்சுற்றில் வருவதற்கு ஒன்று. ஆடு இல்லாவிட்டால் என்ன, போர் இருக்கிறதே. கடிகாரச் சுற்றுக்கு 'வலம்', மற்றதற்கு 'இடம்' என்று வைத்துக்கொண்டேன். வலம் வருவதென்றால் எப்படி என்று இந்தக் காவிரிக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். மூன்று வாரத்தில் படித்துவிட்டான். களத்தின் நடுவில் நின்று "வலம்" என்றால் போதும், தரையோடு தரையாகப் படர்ந்து ஓர் அகன்ற வட்டம். பாதியில் "நில்" என்றால் அப்படியே பதுங்கல். "இடம்" என்றால் திரும்பி வட்டம். "அதையே புள்ளையாரைச் சுத்தச் சொன்னா புண்ணியமாவது கெடைக்கும்" என்றார் அத்தை (என் மாமியார்தான்).

பத்து நிமிடம்தான் இது. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஓடுகிற தூரம் மிகக் குறைவு. ஆனால் முடிந்ததும் தானாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். எட்டு கிலோமீட்டர் ஓடிய நாளில்கூட அப்படி அவன் படுத்ததில்லை. ஓடுவதும் ஓடாமல் அடக்கிக்கொள்வதும் மாறி மாறி வரும்போது, நின்று காத்திருக்கிற அந்த நொடிகள்தான் அவனைக் களைக்கவைக்கின்றன என்று நினைக்கிறேன். மூங்கில் கழியில் கயிறு கட்டி, நுனியில் கந்தல் துணியை முடிந்து தரையில் இழுத்து ஆடுகிற ஆட்டத்திலும் இதையே கண்டேன். துணி ஓடும்போது அவன் பதுங்கியிருக்க வேண்டும், நான் சொன்னால்தான் பாய வேண்டும், விடு என்றால் விட வேண்டும். ஐந்து நிமிடம், திடீர்த் திருப்பங்கள் இல்லாமல். குட்டி நாய்க்கு இந்த ஆட்டம் வேண்டாம். எலும்பு முற்றுவதற்கு ஒரு வயதுக்கு மேல் ஆகும், அதுவரை தாவலும் வண்டியோடு ஓட்டமும் மூட்டைக் கெடுக்கும்.

அத்தை எடுத்துக்கொண்டது வேறு துறை. அவருக்கு முழங்கால் வலி. எழுந்து நடப்பதற்குப் பதிலாக உட்கார்ந்த இடத்திலிருந்தே சாமான்களின் பெயரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். துண்டு, சொம்பு, விசிறி, முறம், கண்ணாடிக்கூடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கருவாடு. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேஸர் என்ற பார்டர் கோலிக்கு மூன்று ஆண்டுகளில் 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார் என்று படித்துக் காட்டினேன். "அவருக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டவர், அடுத்த நாளே பாக்குவெட்டியையும் பட்டியலில் சேர்த்தார். (அதை நான் எடுத்து ஒளித்துவிட்டேன்.) இப்போது இருபத்துமூன்று பெயர்கள். முறத்தையும் தட்டையும் மட்டும் குழப்பிக்கொள்வான், அதில் தப்பு அவன்மேல் இல்லை.

என் கணவருக்கு மதியச் சாப்பாட்டுத் தூக்கு வயலுக்குப் போக வேண்டும். மாலையில் காலித் தூக்கைத் திருப்பிக் கொண்டுவருவது சோறுவின் பொறுப்பு. "சோறு சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிட்டு வருது" என்று தெருக் குழந்தைகள் ஒரு நாள்கூட அலுக்காமல் சிரிக்கிறார்கள். மோப்ப வேலையும் உண்டு. காலைத் தீனியில் பாதியை வைக்கோலுக்குள்ளும் தென்னை மட்டை அடியிலும் ஒளித்துவைத்து "தேடு" என்பேன். இருபது நிமிடம் மூக்கு மட்டும்தான் நாய், மற்றதெல்லாம் பின்னால் வருகிற வால்.

நடையை விடவில்லை. விடியற்காலை ஐந்தேகாலுக்குப் படுகை வழியாக ஒரு மணி நேரம், நீண்ட கயிற்றில், அவன் இஷ்டத்துக்கு முகர்ந்துகொண்டு. ஏழு மணிக்குள் வீடு. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் அவன் பாதம் அதில் படக்கூடாது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவேன். இருட்டிய பிறகு வரப்பு கண்ணாடி விரியனுக்குச் சொந்தம், அதோடு எங்களுக்குத் தகராறு வேண்டாம். வாய்க்காலில் நீச்சல் அவனுக்கு உயிர். ஆனால் வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிட வேண்டும். குளித்து வந்தால் காதைத் துடைத்து, விரலிடுக்கில் உண்ணி பார்ப்பது மகளின் வேலை. இன்னொன்று, தோல் அரிப்புக்கு நம் ஊரில் சட்டென்று போடுகிற ஐவர்மெக்டின் ஊசி, கோலி வம்ச நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் காரணத்தால் மூளையைத் தாக்கும். பார்டர் கோலிகளில் அது அபூர்வம்தான். இருந்தாலும் ஊசிக்கு முன்னால் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கற்றுக்கொடுத்ததும், மிகக் கஷ்டப்பட்டதும் சும்மா இருப்பது. 'போதும்' என்று ஒரு சொல். ஆட்டு நாய்க்காரர்களும் வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டால் நாய் மந்தையை விட்டுவிட்டு முதலாளியிடம் வந்துவிட வேண்டும். நான் இதை முதலில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பந்து எறிந்த காலத்தில் எனக்குக் கை வலித்தபோது ஆட்டம் நின்றது. அவன் கணக்கில் அது முடிவே இல்லை. இப்போது ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் போதும் என்று சொல்லிவிட்டு, வாசல்நடையில் விரித்திருக்கும் சாக்கைக் காட்டுவேன். முதல் வாரம் சாக்கில் அரை நிமிடம் இருந்தாலே கருவாடு. பிறகு ஐந்து நிமிடம், அரைமணி. விசிறியையும் நிறுத்திவிட்டு அந்த வெக்கையில் நானும் அவனும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வீட்டிலுள்ளவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். இன்றைக்கு மத்தியானம் பதினொன்றிலிருந்து நாலுவரை அவன் அந்தச் சாக்கில்தான் இருக்கிறான், பெரும்பாலும் மல்லாந்து.

இதைக் கேட்டுவிட்டுச் சோறு திருந்திவிட்டான் என்று நினைத்தால், வாத்துக் கதையையும் கேளுங்கள். குறுவை அறுத்ததும் தாளில் சிந்திய நெல்லுக்கு வாத்துகள் வந்தன. வாத்துக்காரர் தைரியசாலி. "நாலு வாத்துதானே, விட்டுப் பாருங்கக்கா" என்றார். நீளக் கயிற்றோடு விட்டேன். ஒரு நிமிடம் அற்புதமாக இருந்தது. வலம் என்றேன், வலம் போனான். நாலு வாத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாக நகர்ந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது நிமிடம், தூரத்தில் இருந்த முந்நூறு வாத்தையும் அவன் பார்த்துவிட்டான். கயிறு என் கையில் இல்லை. வாத்துகள் மதகு வழியாகப் பக்கத்து ஊர் எல்லைக்குப் போய்விட்டன. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர மூன்று மணி நேரம். நாங்கள் நாலு பேர் ஓட்டினோம், நாயை வண்டியில் கட்டிப்போட்டிருந்தோம். வாத்துக்காரர் பெருந்தன்மையோடு டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஆனியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால், கல்லணையைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும். வருகிற அன்று ஊரே கரையில் நிற்கும். நாங்களும் நின்றோம். வெடித்துக் கிடந்த தரையில் சருகும் நுரையும் பிளாஸ்டிக் பையுமாக, பழுப்பு நிறத்தில் புதுத்தண்ணீர் ஒரு முழ உயரத்துக்கு மெல்ல உருண்டு வந்தது. சோறு கயிற்றோடு வாய்க்காலுக்குள் இறங்கினான். தலை தாழ்ந்தது, முன்கால் தூக்கியபடி நின்றது, அந்தப் பார்வை. தண்ணீர் நிற்கவில்லை. இரண்டடி பின்வாங்கி மறுபடி பதுங்கினான். அது மறுபடி வந்தது. இப்படியே எங்கள் மடைவரை, நூறு கஜம் இருக்கும், பின்வாங்கிப் பின்வாங்கிக் காவிரியை ஓட்டிக்கொண்டு வந்தான், அல்லது காவிரி அவனை ஓட்டிக்கொண்டு வந்தது. மூக்கில் நுரை பட்டபோது தும்மினான்.

"போதும்டா" என்றேன். கரையேறி வந்து, என் மாமியாரின் வெளுத்த புடவைக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறினான்.